வரப்பில் நின்று கேட்ட பாட்டு

சென்ற மாதம் தல்லாகுளத்தில் ஒரு மொட்டைமாடியில் எங்கள் சிறு கூட்டம் கூடியது. எட்டுப் பேர். பேச்சு எங்கெங்கோ சுற்றி நாட்டுப்பாடலுக்கு வந்தது. நடவு இயந்திரம் வந்தபிறகு நடவுப் பாட்டு போய்விட்டது, பாட்டோடு கிராமத்தின் விழுமியங்களும் போய்விட்டன என்றார் நண்பர் ஒருவர். எளிமை, ஒட்டுறவு, உழைப்பில் காணும் நிறைவு என்று மூன்றைக் குறிப்பாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். மாடியை விட்டு இறங்கி வரும்போதுதான் தலையாட்டியதில் ஏதோ பொய் இருப்பதாக உறுத்தத் தொடங்கியது. அந்த உறுத்தலைத் தெளிவாக்கிக்கொள்ளும் பிரயாசைதான் இக்கட்டுரை. நண்பரை மறுப்பது நோக்கமல்ல. அவர் சொன்னதை நானே பத்து வருஷமாக இதே பத்திரிகையின் பக்கங்களில் வேறு வேறு வார்த்தைகளில் சொல்லி வந்திருக்கிறேன்.

நாட்டுப்பாடலை ரசிக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது நாடு அல்ல, வகுப்பறை. பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் எல்லோருக்கும் வோர்ட்ஸ்வொர்த்தின் அந்தக் கவிதை தெரியும். 1807இல் வெளிவந்தது. ஸ்காட்லாந்து மலைப்புறத்தில் ஒரு பெண் தனியே கதிர் அறுத்தபடி பாடுகிறாள். அவள் பாஷை கவிஞருக்குத் தெரியாது. பொருள் விளங்காமலே கேட்டு நெகிழ்ந்து, அந்த இசையைச் சுமந்துகொண்டு மலையேறிப் போகிறார். இதில் இன்னொரு விஷயத்தை வகுப்பில் யாரும் சொல்லவில்லை, பிற்பாடுதான் படித்தேன். கவிதைக்குத் தூண்டுதல், தாமஸ் வில்கின்சன் என்ற நண்பரின் பயணக் கையெழுத்துப் பிரதியில் இருந்த ஒரு வாக்கியம் என்று வோர்ட்ஸ்வொர்த்தே குறிப்பிட்டிருக்கிறார். ஆக, வயல் இன்னொருவர் பார்த்தது. பாட்டு யாருக்கும் புரியாதது. மிஞ்சியது கேட்டவனின் நெகிழ்ச்சி ஒன்றுதான். நல்ல கவிதை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் உழைக்கிறவர்களின் பாட்டை எப்படிக் கேட்பது என்பதற்கு அது எங்களுக்கு ஒரு தோரணையைக் கற்றுத் தந்துவிட்டது. ஓரமாக நிற்பது, சொல்லை விட்டுவிடுவது, மெட்டை எடுத்துக்கொண்டு போவது.

எனக்கு இந்தத் தோரணை புத்தகத்துக்கு முன்பே கைவந்திருந்தது. எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். 1895இல் பெரியாறு அணை கட்டி முடித்த பிறகு கால்வாய்த் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்த பூமி. தாத்தாவுக்கு அங்கே நிலம் இருந்தது. ஏழெட்டு வயதில், நடவு நாளன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்பேன். கீழே சேற்றில் இருபது பெண்கள் குனிந்து நின்று நட்டுக்கொண்டே பின்னால் நகர்வார்கள். ஒருத்தி முன்பாட்டு எடுப்பாள். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஒரு பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் ஒரு படி வரும், ஒரு குருவி வரும், கடைசியில் எல்லோரும் சிரிப்பார்கள். தாத்தாவும் மீசைக்குள் சிரிப்பார். அந்த மெட்டு வெகுகாலம் என்னோடு இருந்தது. கல்லூரியில் நாட்டார் இலக்கியம் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரை அந்த மெட்டின் இனிமையைப் பற்றியதுதான்.

கட்டுரையை அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். “ஏலே, அது நம்ம வீட்டுப் படியப் பத்தின பாட்டுல்ல” என்றாள். அறுப்புக் கூலி அளக்க எங்கள் வீட்டில் வைத்திருந்த படி ஊர்ப் படியைவிடச் சின்னது. குருவி கூட வயிறு நிறையாத படி என்பதுதான் பாட்டு. இருபது பேர் சேர்ந்து, ஒரு குடும்பத்தின் களவை, அந்தக் குடும்பத்தின் தலைவர் வரப்பில் நிற்கும்போதே, அவர் பேரன் கைதட்டும்படி பாடியிருக்கிறார்கள். தாத்தாவுக்குத் தெரியும். சிரித்தது அதனால்தான். படியை அவர் மாற்றவில்லை.

ஸ்காட்லாந்துப் பெண்ணின் மொழி தெரியாதது வோர்ட்ஸ்வொர்த்தின் குற்றமல்ல. எனக்குத் தெரிந்த தமிழ்; கேட்டுப் பழகிய பேச்சு; ஆனாலும் நான் கேட்கவில்லை. ‘படி’ என்ற சொல் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. சேற்றில் நின்றவர்களுக்கு அது வழக்கு, வரப்பில் நின்றவனுக்கு இசை. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஒன்றரை அடி உயரத்தைப் பற்றித்தான் நாம் பேசியாக வேண்டும். விழுமியங்கள் அப்புறம்.

கிராமத்து விழுமியம் என்று நாம் சொல்வதைக் கிராமத்துப் பாட்டில் தேடிப் பார்க்கட்டும். பெர்சி மக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி சேர்த்து வைத்த பாடல்களைக் கொண்டு கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ 1958இல் வந்தது. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இல் வந்தது. இருவர் பார்வையும் இரு துருவங்கள். ஒருவர் பழந்தமிழ் ரசிகர், மற்றவர் மார்க்சியர். ஆனால் இம்மாதிரித் தொகுப்புகளைப் பொறுமையாகப் புரட்டுகிறவனுக்கு ஒன்று தட்டுப்படும். ஊர் நல்லது, ஊர்வாழ்வு நிறைவானது என்று பாடுகிற பாட்டு அரிது. மாமியார் கொடுமை உண்டு, வராத காதலன் உண்டு, ஏமாற்றிய கங்காணி உண்டு, கண்டிச் சீமைக்குப் போனவன் உண்டு, பெய்யாத மழை உண்டு. ஒப்பாரியில் செத்தவரைப் புகழ்வதாகத் தொடங்கும் பெண், பாதி வழியில் தன் வாழ்நாள் கணக்கையெல்லாம் எடுத்து வைத்து உயிரோடு இருப்பவர்களைக் கேள்வி கேட்கிறாள். பாட்டு கிராமத்துக்கு வாழ்த்துமடல் அல்ல. பெரும்பாலும் அது மனு. சில சமயம் வசவு.

அப்படியானால் வாழ்த்துமடலை எழுதியது யார்? நகரம்தான். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. அப்போதைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா, அதுவரை திரையிசை கூச்சத்தோடு ஒதுக்கி வைத்திருந்த மெட்டுகளுக்கு வாசலைத் திறந்துவிட்டார். அது பெரிய சாதனை. அதைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதி கிடையாது. அதே மெட்டுகளின் வேறொரு பிரயோகத்தை அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் அதற்கு முன்பே கம்யூனிஸ்டு மேடைகளில் செய்து காட்டியிருந்தார் என்பதையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும். நான் சொல்வது வேறு. அந்த வாசல் வழியே பின்னால் வந்தது ஒரு கும்பல். ஆலமரம், பம்பு செட்டு, வெள்ளந்தி மனிதர்கள், நல்ல நாட்டாமை. கிராமத்தை விட்டு வந்தவர்கள், விட்டு வந்த குற்றவுணர்வைத் தணித்துக்கொள்ள டிக்கெட் வாங்கிப் பார்த்த கிராமம் அது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் ‘கன்ட்ரி’ இசை என்று ஒன்று இருக்கிறது. அந்நாட்டுக் கிராமத்தின் நேர்மைக்கும் பக்திக்கும் குடும்பப் பாசத்துக்கும் சாட்சியாக அதைக் காட்டுவார்கள். அதன் பிறப்புக் கதை 1927 கோடையில் டென்னஸி மாநிலத்து பிரிஸ்டல் நகரத்தில் தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். ரால்ஃப் பியர் என்ற இசைத்தட்டுக் கம்பெனி ஆள் அங்கே தாற்காலிகமாக ஒலிப்பதிவுக் கூடம் அமைத்து, மலைநாட்டுக் கார்ட்டர் குடும்பத்தையும் ஜிம்மி ராட்ஜர்ஸையும் முதன்முதலாகப் பதிவு செய்தார். கம்பெனிகள் கறுப்பர் இசைக்கு ஒரு பட்டியலும் வெள்ளை நாட்டுப்புறத்தார் இசைக்கு ஒரு பட்டியலும் தனித்தனியே போட்டு விற்றன. வாழ்க்கையில் இசை அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. பாஞ்சோ ஆப்பிரிக்க வழி வந்த வாத்தியம். ஏ.பி. கார்ட்டர் பாட்டுத் தேடி ஊர் ஊராக அலைந்தபோது கூடவே போய் மெட்டுகளை நினைவில் ஏற்றிக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பர். நாஷ்வில் வானொலியின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ நிகழ்ச்சியில் ஆரம்ப காலத்திலேயே பெரும்புகழ் பெற்ற மௌத் ஆர்கன் கலைஞர் டிஃபோர்ட் பெய்லியும் கறுப்பர்தான். 1941இல் அவரை நீக்கினார்கள். பிறகு ஷூ பாலிஷ் கடை நடத்திப் பிழைத்தார். 1982இல் இறந்தார். கன்ட்ரி இசையின் கௌரவப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது 2005இல். ஒரு கிராமத்தை விழுமியமாக்கி விற்க வேண்டுமானால் அந்தக் கிராமத்தில் சிலரைக் காணாமல் ஆக்க வேண்டியிருக்கிறது.

நம் கிராமத்தில் யார் காணாமல் போனார்கள் என்று கேட்க நான் வெகுதூரம் போக வேண்டாம். கிராமத்தைப் பற்றி இந்த நாட்டில் இரண்டு பெரிய குரல்கள் உண்டு. 1921 செப்டம்பரில் இதே மதுரை மேலமாசி வீதியில் ஏழைக் குடியானவனைப் போல அரையாடைக்கு மாறினார் காந்தி. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் போற்றுகிறவர்களைக் கடுமையான சொற்களால் மறுத்தார் அம்பேத்கர். முதல் குரலை நாம் பாடமாகப் படித்தோம், இரண்டாவதைப் படிக்கவில்லை. எனக்கு அதைப் படிப்பித்தது மேலவளவு. 1997 ஜூன் 30 அன்று, தலித்துகளுக்கென ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் அவரோடு சேர்த்து மற்ற ஐவரையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அந்தக் குரல்களில் துக்கம் இல்லை என்பது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் அதே ஒதுக்கீட்டுக்காக 2006 வரை பத்து வருஷம் முறையான தேர்தலே நடக்கவிடவில்லை. எளிமை இருந்தது, ஒட்டுறவும் இருந்தது. அந்த ஒட்டுறவு வெட்டவும் தேர்தலை மறிக்கவும் பயன்பட்டது.

இங்கே இரண்டு சுலபமான பதில்கள் தயாராக இருக்கின்றன. கலை வேறு, சமூகம் வேறு. மெட்டுக்குச் சாதி கிடையாது என்பது ஒன்று. நிலவுடைமைக் காலத்துக் கலை, அது போகட்டும் என்பது மற்றது. இரண்டும் எனக்கு ஏற்கவில்லை. முதலாவது, நான் வரப்பில் நின்று கைதட்டியதை ஒரு சித்தாந்தமாக்குகிறது. இரண்டாவது, படியைப் பாடியவளின் வாயையே அடைக்கிறது. அவள் பாடியது நிலவுடைமைக்கு எதிராக அல்லவா? இந்த இரண்டுக்கும் வெளியே போக எனக்கு வழி காட்டியது ஒரு புத்தகமல்ல, ஒரு தொலைபேசிப் பேச்சு.

2004இல் தாத்தா காலமானார். எங்கள் வீட்டுத் துட்டிக்குத் தப்பு அடிப்பது ஒரு குடும்பத்தின் கடமையாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக அப்படி. அன்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் வரவில்லை. அவர் மகன் வந்தான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். பந்தலுக்கு வெளியே நின்று, இனிமேல் எங்கள் வீட்டிலிருந்து யாரும் அடிக்க வரமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனான். சித்தப்பா கத்தினார். டவுனிலிருந்து காசு கொடுத்து ஒரு செட்டு வந்தது. பதினாறு வயது எனக்கு. தாத்தாவின் கடைசிப் பயணத்தில் அவன் இப்படிச் செய்துவிட்டானே என்று அழுதேன். அந்த அழுகையில் தாத்தாவுக்கு எவ்வளவு, கௌரவத்துக்கு எவ்வளவு என்று இன்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

பதினைந்து வருஷம் கழித்து நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்பு வெளியீட்டுக்கு, தொடக்கத்தில் பறை வேண்டும் என்று ஆசைப்பட்டோம். அவர் அப்போது மதுரையில் ஒரு கலைக்குழுவில் இருந்தார். (அவன் எப்போது எனக்கு அவர் ஆனான் என்று யோசித்துப் பார்க்கிறேன். மேடை ஏறிய பிறகுதான். இதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.) தொலைபேசியில் கூப்பிட்டேன். எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டார். ஆளுக்கு இவ்வளவு, வண்டிச் செலவு தனி என்றார். எனக்குச் சுருக்கென்றது. மாதக் கடைசியில் தவறாமல் சம்பளம் வாங்குகிற வங்கிக் குமாஸ்தாவுக்கு, நாட்டுக் கலைஞன் விலை பேசுவது அபசாரமாகப் பட்டது. “நம்ம ஊர்க்காரன்னு பாக்கக் கூடாதா?” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார்: “நம்ம ஊர்க்காரனா இருந்துதானே சார் எங்கப்பா சும்மா அடிச்சாரு.”

கேட்ட தொகையைக் கொடுத்தோம். நான்கு பேர் வந்தார்கள். மண்டப வாசலில் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். அடித்தார்கள். நன்றாக இருந்தது. ஆனால் அந்த இரவு முழுவதும் என் காதில் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். ‘நம்ம ஊர்’ என்று நண்பர் மொட்டைமாடியில் சொன்ன அதே விழுமியத்தைத்தான் நானும் தொலைபேசியில் சொன்னேன். கூலியைக் குறைப்பதற்காகச் சொன்னேன். எங்கள் வீட்டுப் படிக்கும் அந்த வார்த்தைக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் அளவு குறைந்த படிகள். ஒட்டுறவு என்பது இரண்டு பக்கமும் மறுக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதுதான் விழுமியம். ஒருவன் வரமாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் அதன் பெயர் வேறு.

எனவே என் முடிவை இப்படிச் சொல்லத் தோன்றுகிறது. பறையைக் கீழே வைக்கும் உரிமை, பறை அடிக்கும் கலையைவிட முந்தியது. முதலாவது இல்லாத வரை இரண்டாவதைக் கலை என்று சொல்ல நமக்கு வாயில்லை. இளையான்குடிப் பக்கத்து மாரந்தையில் 1955இல் பிறந்த கே.ஏ. குணசேகரன் ‘வடு’ என்ற தன்வரலாற்றில் எழுதிய ஊரும், அவர் மேடையேறிப் பாடிய பாட்டுகள் பிறந்த ஊரும் ஒன்றுதான். 2016இல் மறையும்வரை அவர் இரண்டையும் விடவில்லை. ஊரின் அவமதிப்பை எழுதிய கையும் ஊரின் மெட்டை எடுத்த குரலும் ஒரே உடம்பில் இருந்தன. 2025இல் அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்த விருதுக்குப் பின்னால் அடிக்க மறுத்த எத்தனையோ பேர் நிற்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். மறுத்தவர்கள் இல்லாவிட்டால், விரும்பி அடிக்கிறவர் என்று ஒருவர் இருக்க முடியாது.

நண்பர்கள் ஒரு ஆட்சேபம் சொல்வார்கள், நியாயமானது. மேடைப் பறை பத்து நிமிஷப் பறை. துட்டி வீட்டில் விடிய விடிய, சொந்தங்கள் வருவதையும் அழுகை ஏறுவதையும் அடங்குவதையும் பார்த்துப் பார்த்து அடி மாறும். அந்த நுட்பம் மேடைக்கு வராது. நடவுப் பாட்டும் அப்படித்தான். 2025இல் மறைந்த கொல்லங்குடி கருப்பாயி நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்டக்கூடியவர்; வானொலியில் பாடினார், 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் நடித்தார். வயலில் கிடைத்த எதிர்க்குரல் ஒலிபெருக்கி முன்னால் கிடைக்குமா? கிடைக்காது. இழப்பு இழப்புத்தான். முன்னேற்றம் என்று பெயர் மாற்றி அதை மழுப்ப நான் தயாரில்லை. ஆனால் இழப்புக்குப் பரிகாரம் கேட்கும் உரிமை வரப்பில் நின்றவனுக்கு இல்லை. என் ரசனை பிழைக்க இன்னொருத்தி சேற்றில் நிற்க வேண்டும் என்றால், அந்த ரசனை பட்டினி கிடக்கட்டும்.

அப்புறம் விழுமியம் என்று ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது ஊருடையது அல்ல, பாடியவர்களுடையது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை, முகத்துக்கு நேரேயே, தண்டிக்க முடியாத ஒரு வடிவத்தில் சொன்னார்களே, அது விழுமியம். ஒருத்தி எடுத்தால் இருபது பேர் வாங்கிக்கொண்டதால், சொன்னது யார் என்று பிரித்துப் பிடிக்க முடியாமல் போயிற்றே, அது விழுமியம். அதற்கு வயல்தான் வேண்டும் என்பதில்லை. எங்கள் மொட்டைமாடிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை என்று மட்டும் சொல்வேன். எட்டுப் பேரும் ஒரே குரலில் தலையாட்டுகிறோம். ஒருவர் படியைப் பற்றியும் ஒருவர் பாடுவதில்லை.

கடைசியாக ஒன்று. போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். தாத்தாவின் நிலத்தில் இப்போது சித்தப்பா பயிர் வைக்கிறார். வயலில் பெண்கள் யாரும் இல்லை. மேற்கு வங்காளத்திலிருந்து வந்த எட்டு இளைஞர்கள், ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, மின்னல் வேகத்தில் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஏதோ பாடினான், இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள். ஆள் கூட்டி வந்திருந்தவரிடம் என்ன பாட்டு என்று கேட்டேன். “யாருக்குத் தெரியும் சார், ஏதோ அவங்க பாட்டு” என்றார். சித்தப்பா வரப்பில் நின்று அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

மெட்டு இனிமையாகத்தான் இருந்தது. நான் மெட்டைக் கேட்கவில்லை. புரியாத அந்தச் சொற்களுக்கு நடுவே சித்தப்பாவின் பெயர் எங்காவது வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.